தந்தத்துக்கு விலை வைத்தவர்கள் மலையில் இல்லை

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி விழுந்தால் அடுத்த கேள்வி உடனே வரும்: கொம்புள்ள ஆணான கொம்பனா, கொம்பில்லாத ஆணான மக்னாவா, குட்டியோடு வந்த கூட்டமா? தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் இருப்பவர்கள் எந்த வழியாக வீட்டுக்குப் போவது, விடிந்ததும் கொழுந்து பறிக்கக் கிளம்பலாமா என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. ஆனால் இந்த மலையைக் கண்ணால்கூடப் பார்க்காத ஆட்களும் ரொம்ப காலமாக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ரோமாபுரியில் கட்டிலுக்கு அலங்காரம் செய்தவன், லண்டனில் பில்லியர்ட்ஸ் பந்து கடைந்தவன், டோக்கியோவில் கையெழுத்துக்குப் பதில் முத்திரை குத்தியவன், இவர்களுக்கு யானை எப்படிப் போனாலும் கவலையில்லை, கொம்பு இருக்கிறதா என்பதுதான் கணக்கு. தந்தத்தின் வரலாறு என்று தேடினால் சிற்பம், சிம்மாசனம், கலைநயம் என்று பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. நான் அதை நீலகிரியில் நின்றுகொண்டு பார்க்கிறேன். இங்கிருந்து பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும்: தந்தத்துக்கு விலை வைத்தவன் எப்போதும் வேறு எங்கோ இருந்தான், அவனுக்கு அந்தந்தக் காலத்தில் என்ன ஆசை வந்ததோ அதுதான் இங்கே எந்த யானை சாகும் என்று முடிவு செய்தது.

அடிப்படையில் தந்தம் ஒரு பல். நமக்கு முன்வாயில் இருக்கிற மேல் வெட்டுப்பல்லுக்குச் சமமான பற்கள்தான் யானைக்கு வாய்க்கு வெளியே நீண்டு வளர்கின்றன. குட்டிக்கு முதலில் விரல் நீளத்தில் ஒரு பால் கொம்பு வரும், ஒரு வயசு வாக்கில் அது விழுந்துவிடும், அப்புறம் வருவதுதான் நிரந்தரம், அது யானை சாகும்வரை அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். வெளியே தெரிவதும் முழுக் கொம்பு இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கிறது, அந்தப் பகுதி உள்ளே குழிந்து, ரத்தமும் நரம்பும் ஓடும் பற்கூழோடு இருக்கும். மானின் கொம்பு விழுந்து முளைக்கும் இல்லையா, யானைக்கும் அப்படித்தான், காட்டில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வரலாம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விழாது. சண்டையில் நுனி ஒடியலாம், பாதியில் முறியலாம், அவ்வளவுதான். முழுக் கொம்பு ஒன்று ஒருவர் கையில் இருக்கிறதென்றால் ஒரு யானை செத்திருக்கிறது என்று அர்த்தம். மண்டைக்குள் இருக்கிற அந்த மூன்றில் ஒரு பங்கையும் விட மனசில்லாமல்தான் கள்ள வேட்டைக்காரன் யானையின் முகத்தைக் கோடாரியால் பிளக்கிறான். அவசரப்படாதவன் சில நாள் காத்திருப்பான், சதை அழுகியதும் கொம்பு உருவிக்கொண்டு வந்துவிடும்.

சரி, உலகத்தில் எத்தனையோ மிருகத்துக்குப் பல் இருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு? பெரிய காரணம் அளவு, இவ்வளவு பெரிய கட்டியாகப் பல் கிடைப்பது அபூர்வம். அடுத்தது அதன் தன்மை. நம் பல்லின் மேல் கெட்டியாக ஒரு எனாமல் பூச்சு இருக்கும், யானைக் கொம்பில் அது முதலில் நுனியில் கொஞ்சம் இருந்து தேய்ந்துவிடும், மீதி முழுக்கப் பல்லின் உள்பொருளான டென்டைன். மரத்துக்கு இருக்கிற மாதிரி பிளக்கும் வாக்கு இதற்குக் கிடையாது, எந்தப் பக்கமாக உளி வைத்தாலும் சிலும்பாமல் செதுக்க வரும், தலைமயிர் கனத்துக் கோட்டைக்கூடப் பிடித்து நிறுத்தும், தேய்த்தால் எண்ணெய்ப் பளபளப்பு ஏறும். கொம்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் சிக்குக் கோலத்தில் இழுத்த கோடுகள் மாதிரி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் மெல்லிய வரிகள் தெரியும். எலும்பில் இது வராது, அதில் ரத்தக் குழாய் போன இடங்கள் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளாக நிற்கும். பிளாஸ்டிக்கில் வரி போட்டு ஏமாற்றுவார்கள், ஆனால் அதில் வரிகள் ஒன்றுக்கொன்று இணையாக ஒழுங்காகப் போகுமே தவிர இப்படிக் குறுக்கே வெட்டாது. இந்த வரிகள் வெட்டிக்கொள்ளும் கோணத்தை அளந்தே, கையில் இருப்பது இன்றைய யானையின் தந்தமா, எப்போதோ அழிந்துபோன மாமூத்தின் தந்தமா என்று சொல்லிவிடுகிறார்கள். பனிப்பிரதேசத்தில் மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும் மாமூத் தந்தத்தை விற்பது பல நாடுகளில் குற்றமில்லை என்பதால், யானைத் தந்தத்துக்கு மாமூத் என்று பெயர் வைத்து விற்கும் தந்திரம் ஓடுகிறது, அதற்குத்தான் இந்தப் பரிசோதனை.

இன்னொரு புரளியையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். யானைக் கொம்பில் முத்து விளையும் என்று பழைய நூல்கள் சொல்லும். பற்கூழில் சுண்ணாம்புச் சத்து உருண்டையாகத் திரள்வது சில சமயம் நடக்கிற விஷயம்தான், அந்த நம்பிக்கை அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் கஜமுத்து, அதிர்ஷ்டம், லட்சக்கணக்கில் விலை என்று இன்று யாராவது வந்தால் அவர் வைத்திருப்பது அனேகமாக ஏதோ ஒரு சாதாரண உருண்டை. நிஜமாகவே யானையிலிருந்து வந்ததாக இருந்தால் இன்னும் மோசம், வாங்கினவரும் சேர்ந்து உள்ளே போக வேண்டியதுதான்.

இனிதான் முக்கியமான இடம். ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. நம் ஆசிய யானையில் ஆணுக்கு மட்டும்தான், அதுவும் எல்லா ஆணுக்கும் இல்லை. பெண் யானைக்கு உதட்டைத் தாண்டியும் தாண்டாமலும் சின்னதாக ஒரு முனை இருக்கும், அதை யாரும் தேடி வருவதில்லை. இலங்கையில் ஆண் யானைகளில் கொம்புள்ளவை நூற்றுக்குப் பத்துகூடத் தேறாது, வடகிழக்கு இந்தியாவில் பாதிக்குப் பாதி, ஆனால் தென்னிந்தியாவில், அதாவது நீலகிரி, ஆனைமலை, பெரியாறு வட்டாரத்தில், பத்து ஆணில் ஒன்பதுக்கு மேல் கொம்பன்கள். 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்று பழமொழி சொல்கிறோமே, அந்த இரண்டாவது ஆயிரம் பொன் கொம்பனுக்கு மட்டும் வைத்த விலை. ஆப்பிரிக்காவில் தந்த வேட்டை என்றால் தாய், மகள் என்று கூட்டத்தையே சாய்த்துவிட்டுப் போவார்கள். இங்கே துப்பாக்கி கூட்டத்தை விட்டுவிட்டு ஆணை மட்டும் பொறுக்கியது. வேட்டைக்காரன் போன பிறகும் கூட்டம் பார்வைக்கு முழுசாக இருக்கும், குட்டிகள்கூட இருக்கும், அதனால் என்ன குறைந்தது என்பது பல வருஷம் வெளியே தெரியவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கொம்பில்லாத ஆண்தான் மக்னா. கொம்பில்லாவிட்டால் சாது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம், பந்தலூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். வீடுகளை உடைத்து அரிசி தின்று பழகி, உயிர்ப்பலியும் வாங்கிய பந்தலூர் மக்னா ஒன்றை 2022 டிசம்பரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து முதுமலைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள், அதற்கு வனத்துறை வைத்த பெயரே பி.எம்.2, பந்தலூர் மக்னா இரண்டு. அதற்கும் முன்னால் 1998-இல் பிடிபட்ட ஒரு மக்னா இந்தப் பக்கத்திலும் கேரளத்திலும் பலபேரைக் கொன்றதாகப் பேரெடுத்தது. அதைக் கூண்டில் அடைத்துப் பழக்கி, யானை டாக்டர் கிருஷ்ணமூர்த்தியின் பெயரை ஒட்டி மூர்த்தி என்று பெயர் வைத்தார்கள், அப்புறம் தெப்பக்காடு யானை முகாமிலேயே பெரிய சாதுவாக வாழ்ந்து முடித்தது. தந்த வேட்டை உச்சத்தில் இருந்த காலத்தில் தப்பிப் பிழைக்கக் கொம்பில்லாமல் இருந்தாலே போதும் என்றாகிவிட்டது, மக்னாவுக்கு அது ஒரு பெரிய அதிர்ஷ்டம்.

மனிதன் தந்தத்தைத் தொட்டது எப்போது என்று பார்த்தால் தலை சுற்றும். ஜெர்மனியின் தெற்கே ஒரு குகையில் 1939-இல் துண்டு துண்டாகக் கிடைத்த, சிங்கத் தலையும் மனித உடலுமாக இருக்கும் உருவம் மாமூத் தந்தத்தில் செதுக்கியது, வயசு ஏறக்குறைய 40,000 வருஷம். மண்பானை வருவதற்கும் விவசாயம் வருவதற்கும் எவ்வளவோ முன்னால், குளிரில் ஒண்டிக்கொண்டிருந்த ஒருவன் உட்கார்ந்து தந்தத்தைச் செதுக்கியிருக்கிறான். சிந்துவெளி ஊர்களில் தந்தச் சீப்பு, தாயக்கட்டை கிடைத்திருக்கின்றன, லோத்தலில் தந்தத்தில் கோடு கீறிய அளவுகோல் ஒன்று கிடைத்தது. சாஞ்சி ஸ்தூபியின் தெற்கு வாசல் தூணில் ஒரு கல்வெட்டு, இந்தச் சிற்ப வேலையை விதிஷாவின் தந்தச் செதுக்கர்கள் செய்தார்கள் என்கிறது. கல்லில் அவ்வளவு நுணுக்கம் எப்படி வந்தது என்று வியக்கிறோம், அவர்கள் கை தந்தத்தில் பழகிய கை.

நம் பக்கத்துக்கு வருவோம். சேரன் செங்குட்டுவன் பேரியாற்றங்கரையில் தங்கியிருக்கும்போது மலைக்குறவர்கள் காணிக்கை கொண்டுவரும் இடம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது, அந்தப் பட்டியலில் முதலில் வருவதே யானையின் வெண்கோடு, அதற்குப் பிறகுதான் அகில், கவரி, சந்தனம் எல்லாம். யானைக் கொம்பைக் கொடுத்துவிட்டுக் கள்ளும் நெல்லும் மாற்றிக்கொண்ட வேட்டுவர்களும் சங்கப் பாட்டில் வருகிறார்கள். எனக்கு இந்த இரண்டும்தான் தந்த வரலாற்றிலேயே ரொம்ப முக்கியமான செய்தியாகப் படுகிறது. காட்டில் இருந்தவனுக்கு அது காணிக்கைப் பொருள், இல்லையென்றால் கள்ளுக்கு மாற்று. அதே கொம்பு மலையை விட்டு இறங்கி, துறைமுகம் போய், கடல் தாண்டினால் பொன்னுக்குச் சமம். இடையில் எத்தனை கை மாறியது, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு ஏறியது என்பதற்கு எந்தப் புலவரும் கணக்கு வைக்கவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் கணக்கு வைத்தவர்கள் இருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய கடல்வழிக் குறிப்பு ஒன்று சேரநாட்டு மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறியிலிருந்து ஏற்றுமதியாகும் பொருள்களில் மிளகோடு தந்தத்தையும் சேர்த்துச் சொல்கிறது. வியன்னாவில் இருக்கும் இரண்டாம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஆவணம் ஒன்று முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம், அதன் பின்பக்கத்தில் ஹெர்மாபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்குக்கு மதிப்புப் போட்டிருக்கிறார்கள், அதில் முழுத் தந்தமும் தந்தத் துண்டுகளும் தனித்தனியாக எடை போட்டு டன் கணக்கில் வருகின்றன. ஒரு கப்பல், ஒரு பயணம். அதே காலத்துக்குச் சற்று முன்னால் ரோமாபுரி எழுத்தாளர் பிளினி, பெரிய தந்தங்கள் இப்போது இந்தியாவைத் தவிர வேறெங்கும் கிடைப்பது அபூர்வமாகிவிட்டது, மற்ற இடத்திலெல்லாம் ஆடம்பரத்துக்கே தீர்ந்துவிட்டது என்று எழுதி வைத்திருக்கிறார். அதாவது இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே, தங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த யானைகளைக் காலி செய்துவிட்டு, அடுத்த கடையாக நம் பக்கம் வந்திருக்கிறார்கள். வெசுவியஸ் எரிமலை கி.பி. 79-இல் மூடிய பாம்பேய் நகரத்தைத் தோண்டும்போது 1938-இல் கிடைத்த தந்தப் பெண் உருவமும் இந்தியாவில் செதுக்கியதுதான்.

முசிறியிலிருந்து உள்நாட்டுக்கு வரும் வழி பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் அதற்குக் கிழக்கே பழனி மலையும், நடுவில் கோயம்புத்தூர், கொடுமணல், கரூர் என்று போகிற பெருவழி. கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இரண்டு பக்கமும் யானைக் காடு, நடுவில் வியாபாரப் பாதை என்றால் அந்தப் பாதையில் என்ன போயிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை, மிளகு மூட்டைகளோடு நீலகிரிக் கொம்புகளும் இறங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

வெள்ளைக்காரன் வந்த பிறகு கதை ஒரு விசித்திரமான திருப்பம் எடுக்கிறது. சென்னை மாகாண அரசாங்கம் முதலில் யானையைப் பயிருக்கு எதிரியாகப் பார்த்தது, கொன்றால் பரிசுப் பணம் கொடுத்தது. அப்புறம் ராணுவத்துக்கும் மரம் இழுக்கவும் யானை வேண்டுமே என்று யோசித்து, 1873-இல் காட்டு யானையை அனுமதியில்லாமல் கொல்லக் கூடாது என்று சட்டம் போட்டார்கள், 1879-இல் கல்கத்தா அரசாங்கமும் அதுபோல ஒன்று கொண்டுவந்தது. கருணை காரணம் இல்லை, வேலைக்கு ஆள் தேவை என்ற கணக்குதான், இருந்தாலும் அந்தச் சட்டத்தால் தப்பிய யானைகள் உண்டு. வயநாட்டிலும் கூடலூரிலும் காட்டை வெட்டி காபியும் தேயிலையும் போட்ட துரைமார்களின் பங்களாச் சுவரில் தொங்கிய கொம்புகள் மட்டும் குறையவில்லை.

இதே காலத்தில்தான் ஊட்டியில் ஸ்னூக்கர் வருகிறது. நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி 1875-இல் ஜபல்பூரில் பொழுதுபோகாமல் கண்டுபிடித்த ஆட்டம், ஊட்டி கிளப்பில்தான் விதி எழுதி முறைப்படுத்தப்பட்டது, 1882 வாக்கில் அந்த விதிகளை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார்கள். ஊட்டிக்கு இது ஒரு பெருமை, கைடுகள் தவறாமல் சொல்வார்கள். அந்த மேஜையில் உருண்ட பந்து எதில் செய்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தக் காலத்து நல்ல பந்து தந்தம்தான். நரம்பு ஓடும் நடுக்கோடு பந்தின் மையத்தில் சரியாக வந்தால்தான் நேராக உருளும் என்பதால் கொம்பின் நடுப்பகுதிதான் உதவும், ஒரு கொம்பில் நாலைந்து பந்து தேறினால் பெரிது. கடைவது லண்டனில், கொம்பு வந்தது பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து. முதுமலைக் காட்டின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆப்பிரிக்க யானையின் பல்லை லண்டன் வழியாக வரவழைத்து உருட்டி விளையாடியிருக்கிறார்கள்.

பந்துக்கான தந்தம் விலை ஏறிக்கொண்டே போனதில் 1863 வாக்கில் நியூயார்க்கில் ஒரு பில்லியர்ட்ஸ் கம்பெனி, தந்தத்துக்கு மாற்று கண்டுபிடித்தால் 10,000 டாலர் என்று அறிவித்தது. ஜான் வெஸ்லி ஹையட் என்பவர் அந்த முயற்சியில் இறங்கி செல்லுலாய்டைக் கொண்டுவந்தார், பிளாஸ்டிக் யுகம் ஒருவகையில் அங்கே தொடங்குகிறது. அந்தச் செல்லுலாய்டுதான் பின்னால் சினிமா பிலிமானது என்பதை நினைத்தால் எம்.ஜி.ஆர், சிவாஜி படமெல்லாம் யானைக் கொம்புத் தட்டுப்பாட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடலாம். ஆனால் மாற்று வந்ததால் யானை பிழைத்ததா என்றால் உடனே பிழைக்கவில்லை. பியானோ கட்டைகளுக்கு மேல் ஒட்டும் மெல்லிய தகடு, கத்திப் பிடி, சீப்பு என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் இழுத்துக்கொண்டே இருந்தன, நம்மூரிலும் குஜராத், ராஜஸ்தான் கல்யாண வளையலுக்காகக் கிழக்கு ஆப்பிரிக்கத் தந்தம் பம்பாயில் வந்து குவிந்தது. அந்தக் கொம்புகளைக் காட்டிலிருந்து ஜான்சிபார் கரை வரைக்கும் சுமந்து வந்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். தந்தத்தின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

அழகு இல்லை என்று நான் சொல்லவில்லை. 1851 லண்டன் கண்காட்சியில் வைத்த, திருவிதாங்கூர் மகாராஜா விக்டோரியா ராணிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனத்தின் படத்தைப் பார்த்தால் அந்தக் கைவேலைக்கு முன் வாயடைத்துப்போகும். திருவனந்தபுரத்திலும் மைசூரிலும் தலைமுறை தலைமுறையாக அந்த வேலை தெரிந்த குடும்பங்கள் இருந்தன. தடை வந்தபோது அவர்கள் பிழைப்பு போனது, சந்தனம், ஈட்டி மரம், எலும்பு என்று மாறினார்கள். வேலை தெரிந்தவன் நஷ்டப்பட்டான், வியாபாரி வேறு சரக்குக்கு மாறிக்கொண்டான். இதில் நியாயம் கிடைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் தடை வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

தடை ஒரே நாளில் வந்ததும் இல்லை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1977-இல்தான் யானை அதிகப் பாதுகாப்பு தரும் அதன் முதல் அட்டவணைக்கு ஏறியது. 1986 திருத்தம் இந்தியத் தந்த வியாபாரத்தை நிறுத்தியது, ஆப்பிரிக்கத் தந்தம் என்று சொல்லி விற்கும் சந்து திறந்தே இருந்தது, கடையில் இருக்கும் பொம்மை எந்த நாட்டு யானை என்று யார் கேட்பது? அந்த வழியை 1991-இல் அடைத்தார்கள். வெளிநாட்டு வர்த்தகத்தில் ஆசிய யானைத் தந்தம் 1975 முதலே, அழியும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின்படி தடை, ஆப்பிரிக்க யானைக்கு 1989-இல்தான் அந்த முடிவு வந்தது. அதற்குள் பத்தே வருஷத்தில் ஆப்பிரிக்க யானைகள் பதின்மூன்று லட்சத்திலிருந்து ஆறு லட்சம் சொச்சத்துக்கு இறங்கிவிட்டதாக மதிப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் பெரிய வாடிக்கையாளர் ஜப்பான், பேங்கில் கையெழுத்துக்குப் பதில் குத்தும் ஹாங்கோ முத்திரைக்காக.

அந்த ஆசை இங்கே எப்படி இறங்கியது? எழுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகள் வரைக்கும் நீலகிரி, சத்தியமங்கலம், பெரியாறு காடுகளில் கொம்பன்கள் விழுந்துகொண்டே இருந்தன. சந்தனக் கடத்தல் என்ற அடைமொழியோடு நமக்குத் தெரிந்த வீரப்பனும் முதலில் யானை வேட்டைக்காரன்தான், சந்தனம் அப்புறம் வந்தது. யானை டாக்டர் என்று மலை முழுக்கத் தெரிந்த கிருஷ்ணமூர்த்தி, செத்துக் கிடக்கும் காட்டு யானை எதுவாக இருந்தாலும், புழு வைத்து நாறிப்போனதாக இருந்தாலும், பிரேதப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று நின்றவர். இயற்கைச் சாவு என்று ஒரு வரியில் எழுதி மூடியிருந்தால் அந்த உடம்புக்குள் இருந்த குண்டுகள் அங்கேயே மண்ணாகியிருக்கும்.

ஆண் குறைந்ததன் விளைவு எண்ணிக்கையில் உடனே தெரியாது என்று சொன்னேன் இல்லையா, அது விகிதத்தில் தெரிந்தது. பெரியாறு காட்டில் ஒரு கட்டத்தில் நூறு பெரிய பெண் யானைக்கு ஒரு பெரிய ஆண்கூட இல்லை என்ற நிலை வந்தது. முதுமலையில் அவ்வளவு மோசமில்லை, ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் ஐந்து பெண்ணுக்கு ஓர் ஆண் என்று இருந்தது, நூற்றாண்டு முடிவதற்குள் இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவரோடு வேலை செய்தவர்களும் பல வருஷம் இந்தக் காட்டில் நடந்து எண்ணியதால்தான் இது வெளியே வந்தது. ஆண் யானைக்கு இன்னொரு துரதிர்ஷ்டமும் உண்டு: தனியாகத் திரியும், ஆபத்தென்றாலும் நெல்லுக்கும் ராகிக்கும் பலாவுக்கும் ஊருக்குள் வரும், அதனால் மனிதனோடு மோதிச் சாவதிலும் அதுதான் முன்னால் நிற்கிறது. தந்தத்துக்கும் அது, தோட்டத்துக்கும் அது.

வேட்டையால் கொம்பில்லாத யானை பெருகுமா என்ற கேள்விக்கு மொசாம்பிக்கில் பதில் கிடைத்திருக்கிறது. அங்கே 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு தரப்பும் தந்தத்தை விற்றே செலவு பார்த்தது. கொரொங்கோசா பூங்காவில் போருக்கு முன்னால் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்த கொம்பில்லாப் பெண் யானைகள், போருக்குப் பிறகு பாதிக்குப் பாதி ஆகிவிட்டன, அதற்கான மரபணுக் காரணத்தை 2021-இல் வெளியிட்டார்கள். அந்த மரபணு ஆண் கருவாக இருந்தால் அதைப் பிழைக்க விடுவதில்லை என்பதால் அங்கே ஆண் யானைக்குக் கொம்பில்லாமல் போகவில்லை. நம் மக்னா கதை வேறு, அது ஆணிடமே வருகிறது, அதனால் மொசாம்பிக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது.

இப்போது உலகச் சந்தை சுருங்கியிருக்கிறது. சைட்ஸ் அனுமதியோடு 1999-இலும் 2008-இலும் ஆப்பிரிக்க அரசுகள் சேர்த்து வைத்த தந்தத்தைத் தலா ஒருமுறை விற்க விட்டார்கள், இரண்டாவது விற்பனையில் நூறு டன்னுக்கு மேல் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போனது. நல்ல தந்தம் சந்தைக்கு வந்தால் திருட்டுத் தந்தம் படுத்துவிடும் என்பது வாதம், நடந்தது வேறு, அடுத்த சில வருஷம் ஆப்பிரிக்காவில் வேட்டை வெறியாட்டம் ஆடியது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று நிபுணர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், எனக்குச் சந்தேகமில்லை: கடையில் வெளிப்படையாக விற்கிற பொருளை வாங்க யாரும் கூச்சப்பட மாட்டார்கள். கென்யா 2016-இல் நூறு டன்னுக்கு மேல் குவித்துக் கொளுத்தியது, சீனா 2017 முடிவில் உள்நாட்டு வியாபாரத்தையும் மூடியது. நம் பக்கம் அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு, 2015-இல் கேரளத்தின் மலையாற்றூர்க் காட்டில் நடந்த வேட்டையைத் துப்புத் துலக்கப் போய்த் திருவனந்தபுரம், டெல்லி என்று சரக்கு போன பாதை விரிந்தது. இருந்தாலும் நீலகிரி வட்டாரத்து யானைக்கு இன்றைக்குப் பெரிய எமன் தந்த வேட்டைக்காரன் என்று சொல்ல முடியாது. திருட்டு மின்வேலி, காட்டுப்பன்றிக்கு வைத்து யானை கடிக்கும், வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காய், மதுக்கரை–வாளையார் ரயில் பாதை, சீகூரில் யானை வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் கட்டடங்கள் என்று பட்டியல் மாறிவிட்டது. இதில் எதற்கும் கொம்பன், பெண் யானை என்ற வித்தியாசம் கிடையாது.

கடைசியாக, ஊட்டிக்கு வருகிறவர்களும் இங்கேயே இருப்பவர்களும் அடிக்கடி கேட்கிற சட்ட விஷயம். யானைமுடி மோதிரம் என்று விற்பதில் பெரும்பாலும் பிளாஸ்டிக் நார், நிஜ முடியாக இருந்தால் அதுவும் குற்றம்தான், சட்டத்தின் கணக்கில் முடி, பல், கொம்பு எல்லாம் ஒன்று. காட்டில் கொம்போ துண்டோ கிடைத்தால் அது அரசாங்கத்தின் சொத்து, 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறையிலோ சொல்லிவிட வேண்டும், வீட்டில் வைத்திருந்து மாட்டினால் குறைந்தது மூன்று வருஷம் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். தாத்தா காலத்துக் கொம்பு வீட்டில் இருக்கிறது என்றால் அதற்கு உரிமைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கில் வராததை அறிவிக்க 2003-இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள், அது முடிந்துபோனது. சான்று இருந்தால் வாரிசுக்குப் போகலாம், விற்கவோ வேறு யாருக்கும் கொடுக்கவோ முடியாது. கோத்தகிரியிலும் குன்னூரிலும் பழைய துரைமார் பங்களாக்கள் கைமாறும்போது சுவரில் மாட்டிய கொம்பையும் சேர்த்து விலை பேசுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. பங்களாவுக்குப் பத்திரம் பதியலாம், கொம்புக்கு முடியாது, அதை வனத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சாவி வாங்க வேண்டும்.